பேரீச்சம்பழத்துக்குப் போன கத்திகள்

திருச்சி அரியமங்கலத்தில் ஒரு பழைய இரும்புக் கடை. உடைந்த மோட்டாருக்கும் சைக்கிள் ரிம்முக்கும் நடுவே ஓர் அருவாமனை கிடந்தது. எடுத்துத் துடைத்தால், வாய்ப்பக்கம் நீளவாக்கில் மங்கலாக ஒரு கோடு.

அந்தக் கோட்டில்தான் கொல்லர் இருக்கிறார். எஃகுக்கு விலை அதிகமாக இருந்த நாளில், உடலைத் தேனிரும்பில் அடித்து, வெட்டும் வாய்க்கு மட்டும் எஃகு வைத்து, உலையில் காய்ச்சி இரண்டையும் ஒன்றாக அடித்துச் சேர்ப்பார்கள். இரும்பும் எஃகும் ஒரே மாதிரி துருப்பிடிப்பதில்லை. அதனால் ஒட்டு தெரிகிறது. லாரி ஸ்பிரிங் பட்டை மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் முழுக் கத்தியையும் அதிலேயே அடித்துவிட்டார்கள், கோடு போயிற்று. சம்மட்டி விழுந்த பள்ளங்கள், சீரில்லாத முதுகுக் கனம், பிடிக்குள் இறுகிய அரக்கு ஆகியவையும் கைவேலைக்குச் சாட்சிகள்தான்.

பெயர்? 19ஆம் நூற்றாண்டில் சேலத்து அருணாசலம் தன் வேட்டைக் கத்திகளில் பெயரையும் ஊரையும் ஆங்கிலத்தில் பொறித்தார். வாங்கியவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள். இன்றும் ஏலத்தில் அவர் பெயருக்கு மதிப்புண்டு. நம் பாட்டிக்கு அருவாமனை அடித்துக் கொடுத்தவர் எதற்குப் பெயர் பொறிக்கப்போகிறார்? மழுங்கினால் அவரிடமே தட்டக் கொடுப்போம், அவ்வளவுதான்.

திருச்சிக்கு இதில் பழைய கணக்கொன்று உண்டு. தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் 1860களில் இங்கேதான் உடைக்கப்பட்டுப் பழைய உலோகமாக விற்கப்பட்டன. வால்ஹவுஸ் என்பவர் 1878இல் ‘இண்டியன் ஆண்டிக்வரி’ இதழில் அதை எழுதிவைத்தார். தப்பியவற்றில் பல சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ராஜா வீட்டு வாளுக்கே இந்தக் கதி!

ஆனால் எனக்குப் பயம் எடைக்கல்லைப் பார்த்து அல்ல, கிரைண்டரைப் பார்த்துத்தான். பழசின் மேல் ஆசை வைத்து வாங்குகிறவர்களே முதல் வேலையாகத் துருவை மிஷினில் உரசிவிடுகிறார்கள். ஒட்டுக் கோடு, சம்மட்டித் தடம், எப்போதாவது இருக்கும் சின்ன முத்திரை எல்லாம் இரண்டே நிமிடத்தில் பொடி. ‘துருவோடு வைத்துக்கொண்டு காய் நறுக்க முடியுமா?’ என்று சாணைக்காரர் கேட்பார். நியாயம்தான். நறுக்குகிற வாயை மட்டும் தீட்டட்டும். மற்ற இடத்துக்குத் துணியும் தேங்காய் எண்ணெயும் போதும்.

அருவாமனையை எடை போட்டே வாங்கினேன். காசை எண்ணிக்கொண்டே கடைக்காரர் உள்ளே குரல் கொடுத்தார்: “தம்பி, சார் அருவாமனைய மிஷின்ல போட்டுப் பளபளன்னு ஆக்கிக் குடுப்பா!”