முதுகில் விழும் வெயில்

வெயில் கணக்கு – 7

சூரியப் பேனலைச் சூரியனோடு திருப்பும் ஒற்றை அச்சு டிராக்கர் காலையில் கிழக்கே சாய்ந்து, உச்சியில் படுத்து, மாலையில் மேற்கே திரும்பும் என்று போன வாரம் பார்த்தோம். அதில் பூட்டியிருப்பது இருபக்கமும் மின்சாரம் தரும் பைஃபேஷியல் பேனல் என்றால், உற்பத்திக் கணக்கு வானத்தை விட்டுத் தரைக்கு இறங்கிவிடும்.

முன்பக்கத்துக்கு சூரியன் எங்கே நிற்கிறது, வானம் எவ்வளவு தெளிவு என்பது தெரிந்தால் பெரும்பாலும் போதும். பின்பக்கம் பார்ப்பதோ தரையை. அந்தத் தரையில் பேனலின் நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும், தரையின் எந்தப் பட்டையில் வெயில், எதில் நிழல், ஒவ்வொரு பட்டையும் பேனலின் முதுகுக்கு எவ்வளவு தெரிகிறது என்று மென்பொருள் கணக்கிட வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காலை, மாலை வேளைகளில் ஒரு வரிசையின் நிழல் அடுத்த வரிசைமேல் விழாதபடி டிராக்கர் சாய்வைக் குறைத்துக்கொள்ளும். பேக்டிராக்கிங் என்பார்கள். அப்போது ஒரு நிழல் முடியும் இடத்தில் அடுத்தது தொடங்குவதால், வரிசைகளுக்கு இடையே நேர்வெயில் படும் தரையே இராது. முன்பக்கத்தைக் காப்பாற்றும் ஏற்பாடு பின்பக்கத்தின் பங்கைக் குறைத்துவிடுகிறது.

ஜெனிவாவில் பிறந்த பிவிசிஸ்ட், 2025 வரை என்ஆர்இஎல் எனப்பட்ட அமெரிக்க ஆய்வகத்தின் சாம் ஆகிய மென்பொருள்கள் வரிசைகளை முடிவில்லா நீளம் கொண்டவையாக வைத்து, குறுக்குவெட்டில் கணக்குப் போடும். வேகமான வழிதான். ஆனால் பேனலுக்கு அடியில் ஓடி அதைத் தாங்கித் திருப்பும் குழாயான டார்க் டியூப் அந்தக் குறுக்குவெட்டில் வராது; அதன் நிழலை ஒரு சதவீத இழப்பாக நாம்தான் தரவேண்டும். என்ஆர்இஎல்லின் இன்னொரு கருவியான பைஃபேஷியல் ரேடியன்ஸ், கதிர் கதிராக ஒளியைத் தொடர்ந்து போகும். கட்டட வெளிச்சத்தைக் கணிக்க கிரெக் வார்டு எழுதிய ரேடியன்ஸ் மென்பொருள்தான் அதன் அடித்தளம். குழாயும் தூணும் அதில் அப்படியே இடம்பெறும். நேரம் மட்டும் அதிகம் பிடிக்கும்.

ஓர் உதாரணம். சதுர மீட்டருக்கு முன்பக்கம் 1,000 வாட், பின்பக்கம் 100 வாட் ஒளி விழுவதாக வைத்துக்கொள்வோம். பின்பக்கத்தின் திறன் முன்பக்கத்தில் 70%. எனவே 70 வாட். சட்டக நிழலுக்கு 5%, ஒளி சீராக விழாததற்கு 10% கழித்தால், மிஞ்சுவது 60. அதாவது 6% கூடுதல்.

இப்போது தரையின் ஆல்பிடோவை, அதாவது தரை திருப்பி அனுப்பும் ஒளியின் பங்கை, 0.2-லிருந்து 0.3 ஆக மாற்றுங்கள். அந்த 6% ஏறக்குறைய 9% ஆகிவிடும். வேறெதையும் தொடவில்லை! புல்தரைக்கு 0.2 பொருந்தலாம், புதுப் பனிக்கு 0.8-ஐத் தொடும். என்ஆர்இஎல்லின் சோதனைக் களம் இருக்கும் கொலராடோவில் ஒரே தரை குளிர்காலத்தில் ஓர் எண்ணும் கோடையில் வேறோர் எண்ணும் காட்டும். ஆண்டு முழுவதற்கும் ஒரே 0.2-ஐப் போட்டால், எவ்வளவு நுட்பமான மாதிரியும் பொய்தான் சொல்லும்.

ஆகவே உற்பத்தி மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வந்தால், எந்த மென்பொருள் என்பதை அப்புறம் கேளுங்கள். ஆல்பிடோ அந்த நிலத்திலேயே, மாதவாரியாக அளந்ததா என்பதை முதலில் கேளுங்கள். வானத்தையும் தரையையும் பார்த்தபடி முதுகோடு முதுகாகப் பொருத்திய, வெயிலை அளக்கும் இரண்டு பைரனோமீட்டர்கள் இருந்தால் அதை அளந்துவிடலாம். அந்தக் கருவியை எங்கே, எந்த உயரத்தில் நிறுத்துவது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)