தாத்தா வாட்ச்சுக்கு பார்ட்ஸ் கிடைக்கலையா? கையாலேயே செய்யலாம்... எப்படி?

பல வீடுகளின் பீரோவில் இன்னும் ஒரு பழைய ஹெச்எம்டி ஜனதா கிடக்கிறது. சாவி கொடுத்தால் இரண்டு நிமிஷம் ஓடும், அப்புறம் நின்றுவிடும். கடைக்குக் கொண்டுபோனால், "இதுக்கெல்லாம் இப்போ பார்ட்ஸ் வர்றதில்ல சார், பேட்டரி மெஷின் மாத்திடலாமா?" என்பார்கள். அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். மெஷினை மாற்றிவிட்டால் மிஞ்சுவது வெறும் கூடுதான்.

ஏன் பார்ட்ஸ் வருவதில்லை? 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து பெங்களூருவில் வாட்ச் தயாரிப்பைத் தொடங்கியது ஹெச்எம்டி. 1984-ல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் இருந்து குவார்ட்ஸ் வாட்ச்களை இறக்கியது. சாவி கொடுக்கும் வாட்ச்களின் மவுசு சரிந்தது. 2016-ல் ஹெச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

ஆனாலும் ஜனதாவுக்கு வழி இருக்கிறது. ஏராளமாக விற்ற மாடல் என்பதால், ஓடாத இன்னொரு ஜனதாவில் இருந்து பாகத்தைக் கழற்றிப் போடலாம். 1940, 50-களின் சுவிஸ் வாட்ச் என்றால்தான் சிக்கல். அதே மெஷின் இன்னொன்று சிக்குவதே அபூர்வம். அங்கேதான் லேத் வேலை வருகிறது.

அதிர்ச்சி தாங்கும் அமைப்பு இல்லாத பழைய வாட்ச் கீழே விழுந்தால், பெரும்பாலும் முதலில் உடைவது பேலன்ஸ் வீலின் அச்சு. ஜனதா காலத்து மெஷின்களில் இந்தச் சக்கரம் மணிக்கு 18,000 முறை துடிக்கும். ஒரு நாளைக்கு 4,32,000. இவ்வளவு ஆட்டத்தையும் தாங்கும் அச்சின் முனை ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். கிட்டத்தட்ட ஒரு தலைமுடி!

இதை எப்படிக் கையால் செய்வது? முதலில் உடைந்த அச்சை மைக்ரோமீட்டரில் வைத்து ஒவ்வொரு படியையும் அளக்க வேண்டும். சக்கரம் உட்கார ஒரு படி, மெல்லிய ஹேர் ஸ்பிரிங் உட்கார இன்னொன்று என்று அந்தக் குட்டி அச்சில் பல படிகள். பிறகு ஒரு எஃகுக் கம்பியைச் செக்கச்செவேல் என்று காய்ச்சி எண்ணெயில் முக்குகிறார்கள். எஃகு இறுகிவிடும். ஆனால், கண்ணாடி மாதிரி நொறுங்கவும் செய்யும். அதனால் மறுபடி 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குகிறார்கள். நீல நிறம் படர்ந்தால் பதம் சரி. நம்ம ஊர்ப் பட்டறையில் அரிவாளுக்கு நீர் வைப்பதும் இதே கணக்குதான்.

அடுத்து, கம்பி குட்டி லேத்தில் சுழல, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு கையில் பிடித்த உளியால் சீவ வேண்டும். கடைசியில் முனையை மெருகேற்றுவதுதான் கழுத்தறுக்கும் வேலை. சொரசொரப்பு இருந்தால் உராய்வு கூடி நேரம் தப்பும். கொஞ்சம் அழுத்திவிட்டால் முனை முறியும். முறிந்தால்? புதுக் கம்பி, முதலில் இருந்து!

நாள் முழுக்க இதற்கே போகலாம். கூலி, வாட்ச்சின் சந்தை விலையையே தாண்டலாம். விற்பதற்காக என்றால் இது கட்டுப்படியாகாது. கட்டியிருந்தவருக்காக என்றால் உங்கள் இஷ்டம்.

டயல் விஷயத்தில் மட்டும் உஷார். மங்கிய டயலைப் புதிதாகப் பெயின்ட் அடித்தால் பளபளக்கும். ஆனால், சேகரிப்பாளர்கள் அதை 'மும்பை ஸ்பெஷல்' என்று ஒதுக்கிவிடுவார்கள். இருட்டில் ஒளிர்வதற்கான பூச்சுள்ள, 1960-களுக்கு முந்தைய டயல் என்றால் அதில் ரேடியம் இருக்கலாம். இப்போது ஒளிரவில்லை என்பதால் ஆபத்து போய்விட்டது என்று அர்த்தமில்லை. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். வீட்டில் திறந்து சுரண்டவே கூடாது.

பல வருஷம் சும்மா கிடந்த வாட்ச்சுக்கு ஆசையாகச் சாவி கொடுப்பதும் வேண்டாம். எண்ணெய் காய்ந்திருக்கும், பாகங்கள் தேயும். முதலில் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகம் எதுவானாலும் ஒரு கவரில் போட்டுத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை அளவு எடுக்க அதுதான் உதவும்.