வண்டி வைத்திருப்பவள் அதை ரசிக்கக் கூடாதா?

எம்மைப் போன்ற தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளில் வாகனம் என்ற சொல் எப்போதும் 'வாழ்வாதாரம்' என்ற தலைப்பின் கீழ்தான் வரும். கணவனை இழந்த பெண்ணுக்கு ஓர் ஓட்டோ, தையல் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு ஸ்கூட்டி, காலை இழந்தவருக்குப் பின்னால் இரண்டு சில்லுகள் பூட்டிய வண்டி. மாத வருமானம் எவ்வளவு, தவணை கட்டுகிறாரா, பிள்ளைகள் பாடசாலை போகிறார்களா என்றெல்லாம் படிவத்தில் கேள்விகள் உண்டு. அந்த வண்டி அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்ற கேள்வியை நான் எந்தப் படிவத்திலும் கண்டதில்லை.

படுவான்கரைப் பக்கம் ஒரு பெண்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். கடன் எடுத்து ஓட்டோ வாங்கிய ஒரு சகோதரி, தவணை தவறாமல் கட்டிவந்தார். ஒரு சித்திரைப் புத்தாண்டுக்கு முன் ஆசனத்துக்குச் சிவப்பு உறை போட்டு, பக்கத்தில் இரண்டு மஞ்சள் கோடு கீறுவித்து, சின்னதாக ஒரு பாட்டுப்பெட்டியும் பூட்டினார். அடுத்த கூட்டத்தில் முறைப்பாடு வந்துவிட்டது. "கடன்பட்ட பொம்புளைக்கு இந்தச் சோக்கு என்னத்துக்கு?" என்று கேட்டவர்களும் பெண்கள்தான். அதே சந்தியில் நிற்கும் இளைஞர்களின் ஓட்டோக்களில் இதைவிட ஐந்து மடங்கு சோடனை. அவர்களிலும் கடனாளிகள் உண்டு. அவர்களை யாரும் கேட்டதில்லை. ஒரு மணித்தியாலம் விவாதம் நடந்தது. அவர் சொன்னது ஒரே ஒரு வசனம்: "விடிஞ்சா பொழுதுபட்டா இதுக்குள்ளதான் மிஸ் இருக்கன், என்ட கண்ணுக்கு வடிவா இருக்கட்டும் எண்டு செஞ்சன்." இரண்டாவது கடன் அவருக்கு மூன்று மாதம் பிந்தித்தான் கிடைத்தது.

நான் அந்தச் சகோதரியின் பக்கம். அதனால்தான் இந்த மாதம் வாழ்வாதாரத்தை ஒரு புறம் வைத்துவிட்டு, வாகனத்தை மாற்றியமைத்து மகிழ்வது என்ற விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன். அந்த விளையாட்டின் தலைப்பிள்ளை ஸ்போர்ட்ஸ் கார். கொழும்புப் பணக்காரப் பொடியன்களின் பொருள் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் அதன் பிறப்பைப் பார்த்தால், அது எங்கள் வீட்டு வாசலில் நின்ற காருக்கு உடன்பிறப்பு.

இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரில் 'மொறிஸ் கராஜஸ்' என்றொரு விற்பனை நிலையம் இருந்தது. அதன் முகாமையாளர் சிசில் கிம்பர் 1920களில் சாதாரண மொறிஸ் காரின் அடிச்சட்டத்தை எடுத்து, மேல் உடம்பைப் பாரம் குறைத்துப் பதிவாகக் கட்டினார். குடும்பத்தை ஏற்றி இறக்க அல்ல, ஓட்டுபவர் மகிழ்வதற்காக. அந்தக் கராஜின் முதல் எழுத்துக்களே 'எம்.ஜி.' என்று உலகம் அறிந்த ஸ்போர்ட்ஸ் காரின் பெயராயிற்று. பின்னர் 1958இல் 'ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற்' என்ற சின்னக் கார் வந்தது. அதற்குள் இருந்த 948 சீ.சீ. இயந்திரம் 'மொறிஸ் மைனர் 1000' காரில் இருந்த அதே இனம். திருப்பும் பொறியும் மைனரில் இருந்து வந்ததே. வைத்தியரும் தலைமையாசிரியரும் வைத்திருந்த, எங்கள் பெரியப்பாமார் ஹயர் ஓடிய மைனரைத்தான் சொல்கிறேன்.

வித்தியாசம் எங்கே? மைனருக்கு ஒரு காபரேற்றர், ஸ்பிறைற்றுக்கு இரண்டு. அடுப்பு ஊதியவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. விறகு இருந்தால் மட்டும் போதாது, காற்றும் சரியாகப் போக வேண்டும், புகை வெளியேறவும் வழி வேண்டும். இயந்திரமும் அப்படித்தான். காற்றும் பெற்றோலும் சரியான அளவில் கலந்து உள்ளே போக வேண்டும், எரிந்த புகை தடையின்றி வெளியே வர வேண்டும். இரண்டு காபரேற்றர் வைத்ததும் வேறு சில சின்னத் திருத்தங்களுமாக 37 குதிரைவலு 43 ஆயிற்று. பெரிய கூடுதல் அல்ல. ஆனால் பாரம் குறைந்த வண்டியில் அது நன்றாகத் தெரியும்.

இன்றும் பழைய மைனர் வைத்திருப்பவர்கள் ஸ்போர்ட்ஸ் கார் இனத்தின் 1275 சீ.சீ. இயந்திரத்தை அதற்குள் இறக்குவதுண்டு. விஷயம் தெரிந்தவர்கள் அதற்கு முன் ஒன்று செய்வார்கள்: முன் சில்லுகளுக்கு நல்ல பிரேக் பூட்டுவார்கள். ஓட்டத்தைக் கூட்டுபவர் முதலில் நிற்பதைக் கூட்ட வேண்டும் என்பது இந்த விளையாட்டின் எழுதாத சட்டம். காரைப் போலவே களத்திலும் காவல் வேண்டும். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தில் ஒரு கார் தடம் விலகிப் பார்வையாளர் மீது பாய்ந்ததில் 7 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். பந்தயம் பார்க்கப் போகிறவர்கள் எங்கே நிற்கிறோம் என்று பார்த்து நிற்க வேண்டும்.

இலங்கையில் இந்த விளையாட்டுக்கு வயது அதிகம். நுவரெலியா மகாகஸ்தோட்டையில் மலை ஏறும் கார்ப் போட்டி 1934இல் தொடங்கியது. பழைய கார் வைத்திருப்போரின் சங்கங்கள் கொழும்பில் உண்டு. ஒருவர் காரை ஒருவர் பார்ப்பதும், உதிரிப்பாகம் மாற்றிக்கொள்வதும், சேர்ந்து நெடுந்தூரம் ஓடுவதும் அவர்களது பொழுதுபோக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்படும்வரை, இருக்கிற காரைப் பேணிக்கொள்வதைத் தவிர எவருக்கும் வழி இருக்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990களில் மொறிஸ் மைனருக்கான தகடுகளும் உதிரிப்பாகங்களும் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்து ரசிகர்களுக்கு ஏற்றுமதியாயின.

அதே 1990களில், அதே இலங்கையில், வடக்கே நடந்தது வேறு. 1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை, பற்றரி தடை. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. ஒஸ்ரின் ஏ-40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. அந்தக் கார்களை 'மொடிபை' பண்ணியவர்களுக்கு சங்கமும் இல்லை, கிண்ணமும் இல்லை. எங்கள் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு மாமி யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்டு, 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின் பின் எல்லாவற்றையும் விட்டு வாவிக்கரையில் உள்ள தாய்வீட்டுக்குத் திரும்பியவர். அவரது கணவர் ஏ-40 ஒன்றை ஹயருக்கு ஓட்டினார். அவர் சொன்னதை அவர் வாயாலேயே தருகிறேன்:

"குளிர் எஞ்சினில மண்ணெண்ணெய் பத்தாது புள்ள. அதால சின்னப் போத்தலுக்குள்ள கொஞ்சப் பெற்றோல் வச்சிருப்பம், ஆஸ்பத்திரி மருந்து மாதிரி. காபரேற்றருக்குள்ள நாலு சொட்டு விடுறது என்ட வேல, சாவிய முறுக்குறது அவர்ட வேல. எஞ்சின் சூடேறினாப் போல மண்ணெண்ணெய்க்கு மாத்திரது. மறுகா அதுக்கு இருமல்தான், கறுத்தப் புகைதான். பிளக்கைக் கழட்டி, கரியைச் சுரண்டி, திருப்பிப் போடுறதும் நான்தான்."

மாமி சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆவியாவதற்குச் சூடு வேண்டும். பழைய கார்களின் இயந்திரம் கலவையை அதிகம் நசுக்குவதில்லை, அதனால் தரம் குறைந்த எரிபொருளையும் ஓரளவு தாங்கியது. இங்கிலாந்தில் பேர்கசன் உழவு இயந்திரங்களும் ஒரு காலத்தில் பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெய் போன்ற ஓர் எண்ணெய்க்கு மாறுபவையாக இருந்தன. அங்கே அதைத் தொழிற்சாலையில் செய்தார்கள். இங்கே வேப்பமரத்தின் கீழ், குண்டுச் சத்தத்துக்கு நடுவே செய்தார்கள். அந்த வரலாற்றைப் பற்றிப் பேசும்போது 'யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சொட்டு விட்ட கையைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

"அந்த நேரம் உங்களுக்கு அது கஷ்டமாகத்தானே இருந்திருக்கும்?" என்று மாமியைக் கேட்டேன். "கஷ்டம்தான். ஆனா அது பத்தி எழும்பக்கொள்ள வாற சந்தோசம் இருக்கே!" என்று சிரித்தார். போர்க்காலப் பெண்களின் கதை என்றால் கண்ணீரை மட்டும் குறித்துக்கொள்ளும் வழக்கம் எம்மிடம் உண்டு. சமூகவியல் படித்தவர்களிடம் இன்னும் அதிகம். இந்தச் சிரிப்பை எந்தப் பத்தியில் எழுதுவது?

இங்கிலாந்திலும் போர்க்காலத்தில் காபரேற்றரோடு மல்லுக்கட்டிய ஒரு பெண் இருந்தார். பெயர் பியற்றிஸ் ஷில்லிங், பிறந்தது 1909இல். 14 வயதில் மோட்டார் சைக்கிள் வாங்கினார். மான்செஸ்ரரில் மின்பொறியியல் படித்தார். 1934இல் புறூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மணிக்கு 106 மைல் வேகத்தில் சைக்கிள் ஓட்டித் தங்க நட்சத்திரம் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் போர் விமானங்கள் மூக்கைக் கீழே குத்தித் திடீரெனப் பாயும்போது, காபரேற்றரில் எரிபொருள் பெருகி இயந்திரம் திணறியது. அவர் நடுவில் துளையுள்ள ஒரு சிறு உலோக வில்லையைச் செய்தார். அளவுக்கு மேல் எரிபொருள் போகாமல் அது தடுத்தது. 1941இல் தன் குழுவோடு விமானத் தளங்களுக்குப் போய் அதைப் பூட்டுவித்தார். போர் விமானத்தைப் புகழ எனக்கு மனமில்லை. விமானத்தைக் கீழேயிருந்து, பதுங்குகுழிக்குள் இருந்து பார்த்தவர்கள் நாங்கள். நான் சொல்ல வந்தது அதற்குப் பிந்தியது. போர் முடிந்தது. அவர் இயந்திரத்தை விட்டுவிட்டு வீட்டுக்குள் போகவில்லை. ஐம்பது வயதளவில், கணவரோடு சேர்ந்து கார்ப் பந்தயத்தில் இறங்கினார். அவர் ஓட்டிய கார்களில் ஒன்று ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற், எங்கள் மைனரின் தங்கச்சி. நாட்டுக்குத் தேவைப்பட்டபோது இயந்திரத்தைத் திருத்தியவர், தேவை முடிந்ததும் தனக்காக ஓட்டினார்.

தமிழகத்தில் கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவர்தன், மாருதி 800 இயந்திரத்தை வைத்து ஒற்றை ஆசனப் பந்தயக் கார் கட்டினார். எங்கள் வீதிகளில் ஓடும் அதே மாருதிதான். 1995இல் சிறு விமான விபத்தில் அவர் இறந்தார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் பந்தயத் தடம் இருக்கிறது. அந்த நகரத்துப் பிள்ளையான நரேன் கார்த்திகேயன்தான் 2005இல் போர்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர். சென்னையில் அலிஷா அப்துல்லா என்ற பெண் பைக், கார் இரண்டிலும் போட்டியிட்டார். அவருடைய தந்தையும் ஒரு பந்தய வீரர். கராஜின் கதவு அவருக்கு உள்ளேயிருந்து திறந்தது. எங்கள் பெண்பிள்ளைகளுக்கு அதை யார் திறப்பது?

மட்டக்களப்பில் ஸ்போர்ட்ஸ் கார் சங்கம் இல்லை. ஆனால் அந்த ஆசை இருக்கிறது. பின்னேரங்களில் கல்லடிப் பாலத்தடியிலும் கடற்கரையிலும் பொடியன்கள் பைக்குகளை நிறுத்தி, சில்லு, விளக்கு, கண்ணாடி என்று ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். அதில் எனக்குக் குறையில்லை, ஒன்றைத் தவிர. சைலன்சரை வெட்டி வெடிச்சத்தம் எழுப்புவது. வேகத்துக்கு அதனால் பெரிய பயன் இல்லை. இரவில் அந்தச் சத்தம் கேட்டுப் படுக்கையை விட்டு எழும்புகிற அம்மாமார் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள். பிள்ளைகளே, அவர்களை நினையுங்கள்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தின் கீழ் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் பூட்டிய மேலதிக சோடனைகளைப் பொலிசார் கழற்றுவிக்கத் தொடங்கியபோது பலர் நட்டப்பட்டார்கள். ஆசன உறை, உள்ளே சிறு அலங்காரம் போன்றவை ஒரு பக்கம். கண்ணைக் கூசும் விளக்கு, வெளியே துருத்தும் கம்பி, சத்தமிடும் சைலன்சர் மறுபக்கம். வண்டியின் நிறத்தையோ இயந்திரத்தையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் பதிவில் திருத்த வேண்டும். காசு செலவழிக்க முன் கேட்டு அறியுங்கள்.

மேலே சொன்ன ஓட்டோச் சகோதரியின் மஞ்சள் கோடுகள் இன்னும் இருக்கின்றன. போன மழைக்கு வண்டி காலையில் பத்த மறுத்தது. மாமியை எனக்குத் தெரியும் என்பதால் இருவரையும் சந்திக்க வைத்தேன். மாமிக்கு எழுபது தாண்டிவிட்டது. பின்பக்க மூடியைத் திறக்கச் சொல்லி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, காது கொடுத்துக் கேட்டார்.

"கழட்டு புள்ள, கழட்டு. பிளக்கு நனைஞ்சி போயிருக்கு. மெக்கானிக்குக்கு ஏன் காசு? சாவிய எடு, நான் காட்டித்தாறன்."