வடக்கே ஒரு தென்னாடு

ஊரின் பெயர் மனிதருக்கும் பெயராகி வழங்குவது பல நாடுகளிலும் உள்ள வழக்கம். ஆங்கிலம் பேசும் உலகில் அவ்வாறு வழங்கும் பெயர்களுள் சதர்லாந்து என்பதும் ஒன்று. அது ஸ்கொத்லாந்திலுள்ள பழைய மாவட்டமொன்றின் பெயர். புகழ்பெற்ற பலரின் குடும்பப் பெயருமாகும்.

இச்சொல்லுக்குத் 'தென்னாடு' என்பது பொருள். மாவட்டமோ ஸ்கொத்லாந்தின் வடகோடியில் இருக்கின்றது. இம்முரண்பாட்டின் காரணம் பெயரிட்டவர் நின்ற இடத்தில் உள்ளது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இன்னும் வடக்கேயுள்ள ஓர்க்னித் தீவுகளிலும் அண்டையிலுள்ள கேத்னஸிலும் நோர்ஸ் மக்கள் ஆட்சி செலுத்தினர். அவர்களுக்கு இந்நிலம் தெற்கே இருந்தது.

13ஆம் நூற்றாண்டில் இந்நிலத்தின் பிரபுக்களானோர், அதன் பெயரையே தம் குடிப்பெயராகக் கொண்டனர். அவர்களை அண்டி வாழ்ந்த குடியானவர் பலரும் தலைவனின் பெயரை ஏற்றனர். ஆதலின், இப்பெயர் தாங்கியோர் அனைவரும் ஒரே குருதியினர் அல்லர். குடிகளைக் காத்தல் தலைவன் கடன். போர்க்காலத்தில் உடன் நிற்றல் குடிகளின் கடன். இவ்வுறவின் அடையாளமே அப்பெயர்.

அவ்வுறவு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முறிந்தது. உழவர் தரும் வாரத்திலும், ஆட்டுப் பண்ணையாளர் தரும் குத்தகை பெரிதாயிற்று. அந்நிலத்துக்கு உரியவரான சதர்லாந்துச் சீமாட்டி எலிசபெத்தும் அவர் கணவரும் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து பல்லாயிரம் மக்களை அகற்றுவித்தனர். 1814இல் ஸ்திராத்நேவர் பள்ளத்தாக்கில் வீட்டுக் கூரைகள் எரிக்கப்பட்டன. அதனை நடத்திய பற்றிக் செல்லார் 1816இல் இன்வர்னஸ் நகரில் விசாரிக்கப்பட்டு விடுதலை பெற்றார். அகற்றப்பட்டோரிற் பலர் கடற்கரையிற் சிறு காணிகளிற் குடியமர்ந்து மீன்பிடிக்கத் தலைப்பட்டனர். கில்டோனன் பள்ளத்தாக்கு மக்களிற் சிலர் 1813இல் கப்பலேறிக் கனடாவின் செவ்வாற்றங்கரைக்குச் சென்றனர். இன்றைய வினிபெக் நகரில் கில்டோனன் என்னும் பெயர் இன்னும் வழங்குகின்றது.

தாய்மண்ணில் மக்கள் அருகினர். அவர்தம் பெயரோ கடல் கடந்து பரந்தது. 1865இல் ஹொங்கொங்-ஷங்காய் வங்கியை நிறுவியவர் தோமஸ் சதர்லாந்து. இசை நாடக அரங்கில் உலகப் புகழ் பெற்ற ஜோன் சதர்லாந்து 1926இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிற் பிறந்தவர். திரைப்பட நடிகர் டொனால்ட் சதர்லாந்து கனடா நாட்டவர். அமெரிக்கரான ஏர்ல் சதர்லாந்து, உடலின் சுரப்பு நீர்களின் கட்டளையை உயிரணுவினுள்ளே எடுத்துச் செல்லும் இரசாயனத் தூதுவனைக் கண்டறிந்து, 1971இல் நோபல் பரிசு பெற்றார். இவர்களிடையே உறவு தேடுதல் வீண், பெயரொன்றே பொது.

1975இல் சதர்லாந்து தனி நிருவாக மாவட்டமாக இருப்பது ஒழிந்து, ஹைலன்ட் பிரதேசத்துடன் இணைந்தது. ஆயினும் மக்கள் வழக்கில் அப்பெயர் மறையவில்லை. வெற்றுப் பள்ளத்தாக்குகளில் இடிந்த கற்சுவர்கள் இன்றும் காணப்படுகின்றன. அங்கு வாழ்ந்தோரின் பெயரை அறிய விரும்புவோர், கனடாவின் குடிமக்கள் பட்டியலிலும் தேடுதல் வேண்டும்.