வியாசர்பாடியின் மைதானமும் தேக ஆரோக்கியமும்

உழைப்பு மட்டும் போதுமா?

துறைமுகத்தையும் ரயில்வே பணிமனைகளையும் பின்னி ஆலையையும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் நெருங்கி வசிக்கும் வடசென்னையின் வியாசர்பாடியில், "நாளெல்லாம் உடம்பு தேய உழைக்கிறோமே, தேகாப்பியாசம் வேறு எதற்கு?" என்று கேட்போர் உண்டு. மூட்டை சுமந்தும் தறியோட்டியும் பிழைத்த தலைமுறைக்கு அக்கேள்வி பொருந்தும். ஆனால் பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டது; அங்கே நின்று உழைத்தவர்களின் பிள்ளைகளுள் பலர் இன்று ஆட்டோவிலும் காவலாளியின் நாற்காலியிலும் கணினியின் முன்னும் பொழுதெல்லாம் அமர்ந்திருக்க, தட்டில் விழும் சோற்றின் அளவு மட்டும் பழைய அளவாகவே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, தேசத்தில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்றும், தமிழ்நாட்டில் வயது வந்தோருள் அவ்வியாதியுடையோர் 14.4 சதவீதம் என்றும் கணக்கிட்டது.

தசைகள் செய்யும் உபகாரம்

உழைக்கும் தசை, இன்சுலினை எதிர்பாராமலேயே இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்ளும் சக்தி வாய்ந்தது. உணவுக்குப் பின் சற்று நடப்பது சர்க்கரை உயர்வைத் தணிப்பதன் காரணம் இதுவே. வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான அப்பியாசமும், சிறுவர் தினந்தோறும் சராசரி 60 நிமிஷமும் செய்ய வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்தது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி வேகமாக நடப்பவர் இதன் முதற்படியை எட்டிவிடுகிறார்.

கால்பந்துத் திடல்

"குட்டி பிரேசில்" என்று ஊரார் பெருமையுடன் அழைக்கும் வியாசர்பாடியில், உமாபதி, தங்கராஜ் போன்றோர் குடிசைப்பகுதிச் சிறுவர்களுக்குப் பந்தாட்டத்தையும் படிப்பையும் ஒருங்கே பயிற்றுவித்து வந்திருக்கின்றனர். 2018-இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்துக் கோப்பையை வென்ற சென்னை அணியில் ஆடிய தனபால் கணேஷ் இம்மண்ணின் மைந்தர். ஆயினும் மைதானத்தின் பெருமையைக் கோப்பைகளால் மட்டும் அளப்பது குறைவான அளவேயாகும். ஓடுதல், நிற்றல், திரும்புதல், மீண்டும் ஓடுதல் என்று மாறி மாறி வரும் இவ்வாட்டம் இருதயத்துக்கும் எலும்புக்கும் ஏககாலத்தில் பலமளிக்கிறது. உயர் இரத்த அழுத்தமுடைய நடுவயது ஆண்கள் சில மாதங்கள் பொழுதுபோக்காகப் பந்தாடியதில் அழுத்தம் குறைந்ததை டென்மார்க் ஆராய்ச்சியாளர் கண்டனர்.

கோல்ஃபின் பயன், கோல்ஃப் இல்லாமலே

நந்தனத்திலுள்ள காஸ்மாபாலிட்டன் கிளப்பின் கோல்ஃப் திடல் போன்ற வசதி எல்லாப் பேட்டைக்கும் கிட்டாது. ஆனால் அவ்வாட்டத்தின் முக்கிய நற்பயன் நடையில் அடங்கியிருக்கிறது. பதினெட்டுக் குழிகளையும் நடந்தே முடிப்பவர் ஆறு கிலோமீட்டருக்குக் குறையாமல் நடந்துவிடுகிறார். அந்நடையை மாநகராட்சிப் பூங்காவிலும் பெறலாம்.

பெண்களும் முதியோரும்

2024-இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி, இந்தியாவில் போதிய உடலசைவு இல்லாத ஆண்கள் சுமார் 42 சதவீதம். பெண்கள் சுமார் 57 சதவீதம். பெண்கள் சோம்பேறிகள் என்பது இதன் பொருளன்று. வீட்டுவேலை முடிந்தபின் அவர்களுக்கென்று நேரமும் இடமும் இல்லை என்பதே பொருள். கும்மியும் கோலாட்டமும் நம் ஸ்திரீகள் வழிவழியாக அறிந்த அப்பியாசங்கள். தாளத்துக்கிசைந்து அடிவைப்பதால் மூச்சு வலுப்பெறும், உடலின் சமநிலை உறுதிப்படும், முதுமையில் விழும் அபாயம் குறையும். இதற்கு மொட்டைமாடியும் சமூகக் கூடமும் போதும்.

கவனிக்க வேண்டியவை

மார்வலி, தலைசுற்றல், மிதமிஞ்சிய மூச்சிரைப்பு தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். நீரிழிவுடையோர் செருப்பின்றி ஓடலாகாது. இன்சுலின் போடுவோர் சிறிது சர்க்கரையை உடன் வைத்திருப்பது அவசியம். லாரிப் புகை மண்டும் பெருஞ்சாலையோரத்தையும் உச்சிவெயிலையும் தவிர்க்க வேண்டும். தொடங்குமுன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, 2021 முதல் வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரிடமோ இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்வது உத்தமம்.

ஊரின் கடமை

ஆஸ்பத்திரி நோய் வந்தபின் காக்கிறது. மைதானம் நோய் வருமுன் காக்கிறது. ஆகையால் திடலில் ஒரு நேரத்தைப் பெண்களுக்கும் ஒரு நேரத்தை முதியோருக்கும் ஒதுக்கி, விளக்கும் குடிநீரும் கழிப்பிடமும் அமைத்துத் தருமாறு வார்டு உறுப்பினரிடம் ஊரார் ஒன்றுகூடிக் கேட்க வேண்டும். பிள்ளைகளைப் பந்துடன் அனுப்பும் பெற்றோர் தாமும் திடலுக்குள் இறங்க வேண்டும்.