எண் மாறிய பணம்

கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியாவிலிருந்து நடை தூரத்தில் உள்ளது லெபோ அம்பாங். நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகளால் பெயர் பெற்ற தெரு அது. அத்தகைய கடையில் ஒருவர் கட்டிய பணம் தவறி இன்னொருவர் பெயரில் வரவாகிவிட்டால், அவர் மேலாளிடம் நேரே சென்று முறையிடலாம். மேலாள் பேரேட்டைப் புரட்டிப் பார்த்து, ஒரு கணக்கில் பற்றும் மற்றொன்றில் வரவும் எழுதினால் பிழை தீர்ந்தது. கொடுத்தவர் கணக்கும் பெற்றவர் கணக்கும் ஒரே பேரேட்டில் இருந்தமையே இவ்வெளிமைக்குக் காரணம்.

இன்றைய நிலை வேறு. மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை ஒன்றில் பணிபுரியும் ஒருவர், பழைய வாடகை வீட்டை விட்டுப் புதிய வீட்டுக்குக் குடிபோயிருக்கிறார் என்று கொள்வோம். மாத முடிவில் கைப்பேசியில் மின்கட்டணம் 184 வெள்ளியைக் கட்டுகிறார். செயலியில் முன்னமே பதிந்திருந்த பழைய வீட்டுக் கணக்கெண்ணையே கை தொட்டுவிடுகிறது. பணம் போய்விட்டது, ஆனால் புதிய வீட்டுப் பில் நிலுவையில் நிற்கிறது. வங்கியைக் கேட்டால், "பணம் ஒழுங்காகச் சேர்ந்துவிட்டது, நிறுவனத்தைக் கேளுங்கள்" என்கிறது. நிறுவனத்தைக் கேட்டால், "அது வேறொருவர் கணக்கு, உங்கள் வங்கியைக் கேளுங்கள்" என்கிறது. இருவர் சொல்வதும் ஓரளவு உண்மையே. அலைச்சலோ கட்டியவருக்கு.

மூன்று ஏடுகள்

இந்த அலைச்சலின் காரணத்தை அறியப் பணம் செல்லும் வழியை அறிதல் வேண்டும். மலேசியாவில் பில் கட்டுவதற்குரிய பொதுமுறையாகிய ஜொம்பே 2015 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. 2017இல் இரு நிறுவனங்கள் இணைந்து உருவான பேநெட் இப்போது அதனை நடத்துகிறது. கட்டுபவர் நிறுவனத்தின் குறியெண், தம் கணக்கெண், தொகை ஆகியவற்றை இடுகிறார். அவருடைய வங்கி தன் ஏட்டில் பற்று எழுதுகிறது. நிறுவனத்தின் வங்கி தன் ஏட்டில் வரவு எழுதுகிறது. நிறுவனமோ கணக்கெண்ணைப் பார்த்துத் தன் வாடிக்கையாளர் ஏட்டில் வரவு எழுதுகிறது.

ஆக, ஏடுகள் மூன்று; மூன்றையும் ஒருசேரத் திறந்து பார்க்கும் மேலாள் ஒருவரும் இலர். குறியெண்ணை இட்டதும் நிறுவனத்தின் பெயர் திரையில் தோன்றும். ஆயினும் அந்தக் கணக்கெண் எவருடையது என்பது தோன்றுவதில்லை. மற்ற வாடிக்கையாளர் யார் என்று நிறுவனம் வெளியிடவும் தயங்கும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு ஒரு காரணம்.

எண்ணில் பிழை இருந்தால் கருவியே கண்டுபிடிக்காதா என்று வினவலாம். ஹான்ஸ் பீட்டர் லூன் என்னும் அறிஞர் வகுத்து 1960இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, கடன் அட்டை எண்ணின் இறுதி இலக்கம் சோதனை இலக்கமாக அமைகிறது. ஓர் இலக்கம் மாறினாலும் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் இத்தகைய சோதனை, எண் செல்லுமா செல்லாதா என்பதையே அறியும். எவருடையது என்பதை அறியாது. பழைய வீட்டு எண்ணும் செல்லும் எண்ணே அன்றோ!

தவற்றின் வகை

எல்லாத் தவறும் ஒரு தன்மையன அல்ல. தம் கணக்கிலேயே இருமுறை கட்டியதும் மிகையாகக் கட்டியதும் எளியவை. நிறுவனத்தைக் கேட்டு அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம். சரியான நிறுவனத்துக்குத் தவறான கணக்கெண்ணில் கட்டியிருந்தால், வரவை மாற்றி எழுத வேண்டியது நிறுவனமே; முதலில் அங்கே முறையிடுதல் நன்று. நிறுவனமே மாறிவிட்டால் தம் வங்கி வழியாக மீட்பு கோருதல் வேண்டும்.

நிறுவனத்துக்கன்றித் தனி ஒருவர் கணக்குக்கு டுயிட்நவ் வழியே பணம் தவறிப் போவதும் உண்டு. அங்கே காலமே முதன்மையானது. 10 வேலைநாட்களுக்குள் முறையிட்டு, பெற்றவர் கணக்கில் பணமும் இருந்தால் மீட்பு எளிது. அதன் பின்னர் 7 மாதம் வரை விசாரணை நீளும். 7 மாதம் கடந்தபின் பெற்றவரின் இசைவு வேண்டும். பணம் எடுக்கப்பட்டுவிட்டால் வங்கியின் கையும் தளர்ந்துவிடும்.

சட்டம் சொல்வது

"எண்ணைத் தவறாக இட்டவர் நீங்களே" என்று கேட்டதும் பலர் வாய் மூடிவிடுகின்றனர். அவ்வாறு மூட வேண்டியதில்லை. தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தரவேண்டும் என்பது மலேசிய ஒப்பந்தச் சட்டம் 1950இன் 73ஆம் பிரிவு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலும் 72ஆம் பிரிவாக இதுவே உள்ளது. இருவர் சேர்ந்து பட்ட கடனை ஒருவர் அடைத்துவிட, அதை அறியாமல் மற்றவரும் கட்டினால், இரண்டாவது தொகையைக் கடன் கொடுத்தவர் திருப்பவேண்டும் என்று அச்சட்டமே எடுத்துக்காட்டும் தருகிறது.

கொடுத்தவர் கவனமின்றி இருந்தார் என்பது மட்டுமே இவ்வுரிமையை அழிக்காது. இங்கிலாந்தில் 1841இல் நிகழ்ந்த கெல்லி எதிர் சோலாரி வழக்கு இதற்குச் சான்று. தவணை கட்டாமையால் காலாவதியான ஆயுள் காப்புறுதிக்கு, அதை மறந்த நிறுவனத்தார் இறந்தவரின் மனைவிக்குப் பணம் கொடுத்துவிட்டனர். மெய்யாகவே மறந்து கொடுத்திருந்தால் மீட்கலாம் என்பதே நீதிமன்றம் உரைத்த நெறி.

வங்கியின் விடை மனநிறைவு தராவிடின், 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர் அமைப்பில் கட்டணமின்றி முறையிடலாம். 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கையாயின், வழக்கறிஞர் இன்றியே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறுவழக்கு முறையை நாடலாம்.

ஒரு கடிதம்

இவ்வளவுக்கும் வேர், எழுத்தில் இருக்கும் முறையீடே. தொலைபேசியில் பத்து முறை சொன்னதை பதினோராவது ஆளிடம் மீண்டும் முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்கும். கடிதத்துக்கு அத்துன்பம் இல்லை. கட்டிய நாள், நேரம், தொகை, பரிமாற்ற எண், தவறாக இட்ட கணக்கெண், உரிய கணக்கெண், வேண்டும் திருத்தம் ஆகிய ஏழும் அதில் இருத்தல் வேண்டும். ரசீதின் படியை இணைத்து, நிறுவனத்துக்கும் வங்கிக்கும் ஒரே நாளில் அனுப்பி, புகார் எண்ணைக் கேட்டுப் பெறவேண்டும். புதிய வீட்டுப் பில்லுக்குத் துண்டிப்பு அறிவிப்பு வருமுன், விசாரணை முடியும்வரை அவகாசமும் அக்கடிதத்திலேயே கோரலாம்.

பள்ளிகளில் முறையீட்டுக் கடிதம் எழுதப் பயிற்றுகிறோம். குப்பை அள்ளப்படாமை, சாலை பழுது ஆகியவையே பெரும்பாலும் தலைப்புகள். எண் மாறிய பணமும் அவற்றுள் ஒன்றாகட்டும். 184 வெள்ளி என்பது வங்கிக்குச் சிறு தொகை. துணிக்கடையில் நாள் முழுதும் நின்று உழைப்பவருக்கு அது சில நாள் ஊதியம். மூன்று ஏடுகளையும் ஒருசேரப் பார்க்க ஆள் இல்லாத காலத்தில், அவற்றை ஒரு தாளில் கொண்டுவந்து வைக்கக்கூடியவர் கட்டியவர் ஒருவரே.