சைக்கிளுக்குப் பின்னால் ஒரு வண்டி

ஆகஸ்ட் கடைசியில் எங்க தெருவிலிருந்து பத்துப் பேர் சைக்கிளில் வேளாங்கண்ணி போறாங்க. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. வருஷா வருஷம் போறதுதான். இந்த வருஷம் ரெண்டு விஷயம் புதுசு. சாமான் எல்லாத்தையும் ஒரே வண்டியில் ஏற்றி, சைக்கிளுக்குப் பின்னால் கட்டி இழுக்கப் போறாங்க. அப்புறம், எங்க அம்மாவும் அக்காவும் முதல் தடவையாகப் போறாங்க. "பொம்பளைங்க வந்தா அவங்க சாமானையும் சேர்த்து யாரு இழுக்கிறது?" என்று தெருவில் பேச்சு வந்தது. அம்மா, "வண்டிய நானே இழுக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து எங்க திண்ணை சைக்கிள் கடை மாதிரி ஆகிவிட்டது. அங்கே தெரிந்துகொண்டதை நம்ம அறிவியல் பாடத்தோடு சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், கேரியர் இருக்கும்போது வண்டி எதுக்கு? கேரியரில் அரிசி மூட்டையைக் கட்டினால் பாரம் உயரத்தில் நிற்கிறது. ஈர்ப்பு மையம் மேலே போய்விடும். சைக்கிள் கொஞ்சம் சாய்ந்தாலும் மூட்டை இன்னும் சாய்க்கும். போன வருஷம் ஒரு சித்தப்பா அப்படித்தான் விழுந்து முட்டியைப் பேத்துக்கொண்டார். பின்னால் இழுக்கிற வண்டி தன் பாரத்தைத் தன் சக்கரத்திலேயே தாங்கிக்கொள்ளும். ஓட்டுகிறவர் அதற்கும் சேர்த்து பேலன்ஸ் பண்ண வேண்டாம்.

மாமா பட்டறையில் இரும்பு ஆங்கிளில் சட்டம் வெல்டிங் செய்து, பழைய 28 இஞ்ச் சைக்கிளோட சக்கரங்களைப் போட்டிருக்கிறார். இரண்டுமே பின் சக்கரம். ஏன் தெரியுமா? அந்த மாதிரி சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின் சக்கரத்துக்கு 40. நாம் உட்காரும் பாரம் பின்னால்தான் அதிகம் இறங்குகிறது, அதனால் அப்படிச் செய்திருக்கிறார்கள். நம்பிக்கை இல்லை என்றால் மிதிவண்டி நிறுத்தும் இடத்தில் பழைய சைக்கிள் நின்றால் எண்ணிப் பாருங்க. நான் எண்ணினேன்.

வண்டியைச் சைக்கிளோடு சேர்க்கிற கொக்கி சீட்டுக்குக் கீழே உயரமாக இருக்கக் கூடாது. பின் அச்சுக்குப் பக்கத்தில், தாழ்வாக இருக்கணும். உயரத்தில் இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி பின்னாலிருந்து தள்ளி சைக்கிளைக் கோணலாக்கும். திரும்பும்போதும், மேடு பள்ளத்திலும், சைக்கிள் சாயும்போதும் கொக்கி அசைந்து கொடுக்கணும். வளையத்துக்குள் வளையம் போட்டு, 'டக் டக்' என்று இடிக்காமல் இருக்க பழைய டியூப் ரப்பரைச் சுற்றியிருக்கிறார்கள். கொக்கி விட்டுப்போனாலும் வண்டி ரோட்டில் தனியாக ஓடாமல் இருக்கத் தனியாக ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலியைப் போடச் சொன்னது அம்மாச்சி.

அடுத்தது சாமான் அடுக்குவது. இதை எல்லோரும் சாதாரணமாக நினைக்கிறாங்க. நாம் படித்த நெம்புகோல் கணக்கு அப்படியே இங்கே வருகிறது. வண்டியின் அச்சிலிருந்து கொக்கி வரை 120 செ.மீ. 60 கிலோ பாரத்தின் மையம் அச்சுக்கு 12 செ.மீ. முன்னால் இருந்தால், கொக்கியில் இறங்கும் எடை 60 × 12 ÷ 120 = 6 கிலோ. இது நல்லது. சைக்கிளின் பின் சக்கரம் தரையை நன்றாகப் பிடிக்கும். அதே பாரத்தை அச்சுக்கு 12 செ.மீ. பின்னால் தள்ளி வைத்தால், அதே 6 கிலோ சைக்கிளின் பின்பக்கத்தை மேலே தூக்கும்! வண்டியும் வால் ஆட்ட ஆரம்பித்துவிடும். அதனால் அரிசி, பருப்பு, அண்டா எல்லாம் அடியில், கொஞ்சம் முன்பக்கம். துணிப்பை, பாய், தார்ப்பாய் மேலே.

தண்ணீர் கேன் வேண்டாம் என்று முடிவு செய்தாச்சு. 20 லிட்டர் என்றால் 20 கிலோ. ஆளுக்கு ஒரு பாட்டில் போதும், வழியில் பிடித்துக்கொள்ளலாம். இது என் யோசனை!

எனக்குப் பயம் பிரேக்கில்தான். அம்மாவும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ. வண்டி 20, சாமான் 60 சேர்த்தால் 155 கிலோ. இழுப்பதற்குக் கஷ்டம் என்றுதான் எல்லோரும் பேசுறாங்க. சமதரையில் மெதுவாக மிதித்தால் அது இழுபடும். நிறுத்துவதுதான் கஷ்டம். அதே பிரேக், அதே வேகம், எடை மட்டும் இரண்டு மடங்கு என்றால் நிற்கிற தூரமும் இரண்டு மடங்கு. வேகம் கூடினால் இன்னும் மோசம். இயக்க ஆற்றலில் வேகத்துக்கு இருமடி வருகிறது இல்லையா? பாலத்து இறக்கத்தில் 12 கி.மீ. வேகம் 24 ஆனால் ஆற்றல் நாலு மடங்கு. அதனால் இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே வேகத்தைக் குறைக்கணும். வளைவில் திடீரென்று பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாகத் தள்ளி சைக்கிளை மடக்கிவிடும். பிரேக் கட்டை நாலும் புதுசு போட்டாச்சு.

ஓவராயில் வேலை தனி. பால்ரஸ் மாற்றி கிரீஸ் வைத்தார்கள், ரிம் பெண்டு எடுத்தார்கள். ஒரு டப்பாவில் சொல்யூஷன், பேட்ச், உப்புத்தாள், வால் டியூப், நாலைந்து போக்ஸ் கம்பி, ஸ்பேனர். பம்பு வண்டியிலேயே. பஞ்சர் ஒட்ட அம்மாவுக்கும் அக்காவுக்கும் கற்றுக்கொடுத்தது மாமா இல்லை, அம்மாச்சிதான். நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-92-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் பழக்குவதையும் அதில் சேர்த்தார். அம்மாச்சி அப்போது பழகியவர்கள், அதுவும் பார் வைத்த ஆம்பளை சைக்கிளில். "ஓட்ட மட்டும் தெரிஞ்சா போதாது புள்ள, பாதி வழியில நின்னா யார் வீட்டுக் கதவைத் தட்டுவ?" என்று கேட்கிறார்கள். அக்கா இப்போது இருபது நிமிஷத்தில் ஒட்டுகிறாள்.

பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி வழியாக எங்க கணக்குக்கு சுமார் 130 கி.மீ. இரண்டு நாள். 2018 நவம்பரில் வந்த கஜா புயல் அந்தப் பக்கம் ஏகப்பட்ட மரங்களைச் சாய்த்தது, நிழலை நம்பி மதியத்தில் ஓட்ட முடியாது. காலை 5 முதல் 10 வரை, பிறகு சாயங்காலம் இருட்டும் வரை. ராத்திரியில் ஓட்டுவதில்லை. வண்டி சைக்கிளை விட அகலம், லாரிக்காரருக்குத் தெரியாது. அதனால் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இரண்டு ஓரத்திலும் ஒட்டியாச்சு. மேல்காற்று போகும்போது முதுகில் தள்ளும். திரும்பும்போது முகத்தில்தான்.

வருகிற சனிக்கிழமை காலை 60 கிலோவுக்கு மணல் மூட்டை ஏற்றி, கண்மாய்க் கரை இறக்கத்தில் அம்மா ஓட்டிப் பார்க்கப் போறாங்க. சுண்ணாம்புக் கோடு போட்டு, அந்த இடத்தில் பிரேக் பிடித்து, எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று அளக்கணும். பி.டி. சாரிடம் டேப் கேட்டிருக்கிறேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று ஆள் வராமல் பார்த்துக்கொள்ள நாலு பேர் வேண்டும். வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் பெயர் கொடுங்க.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி